கடலடி மலைகளும் ஆழ்நீரும்

நாகப்பட்டினத்துக் கடற்கரையில் வைகறைப் பொழுதில் நின்று கிழக்கே நோக்குவோர்க்கு இருவேறு காட்சிகள் புலப்படும். கரையருகே அலைகள் ஓயாது எழுந்து மடிகின்றன. தொலைவிலோ கடல் அசைவற்ற நீலப் பரப்பாக விரிந்து கிடக்கிறது. மேற்பரப்பே இத்துணை அமைதியுடன் தோன்றுமாயின், கதிரவன் ஒளி புகாத ஆழத்தில் நீர் சிறிதும் அசையாது தேங்கிக் கிடக்கும் என்றே எண்ணத் தோன்றும். ஆனால் அவ்வெண்ணம் தவறு. தேங்கிய நீர் கெடும் என்பதை நம் ஊர்க் குளங்களைக் கண்டோர் அறிவர். உலகின் மிகப் பெரிய நீர்நிலையாகிய கடலின் அடியிலுள்ள நீர், தேங்கிக் கெடாமல் மீண்டும் மேலே வருகின்றது. அது வருவது எங்ஙனம்? இவ்வினாவிற்குரிய விடையின் பெரும்பகுதி, கடலின் அடித்தரையிலுள்ள மேடு பள்ளங்களில் அடங்கியிருக்கிறது.

நாகப்பட்டினத்திலிருந்து நேர் கிழக்கே ஒரு கப்பல் செல்வதாகக் கொள்வோம். கரையிலிருந்து சில பத்துக் கிலோமீட்டர் வரை கடல் ஆழம் குறைந்தது. நம் மீனவர் ஆழத்தைப் 'பாகம்' என்னும் அளவால் கூறுவர். இரு கைகளையும் விரித்த நீளமே ஒரு பாகம். அவர்கள் பாகக் கணக்கில் அளந்து வலை விரிக்கும் பகுதி இதுவே. இதனைக் கடந்ததும் தரை விரைந்து சரிந்து, 3,000 மீட்டரையும் கடந்த ஆழத்தை அடைகிறது. அங்கிருந்து நெடுந்தொலைவு தரை பெரும்பாலும் சமதளமாகவே செல்கிறது. ஏறக்குறைய 1,400 கிலோமீட்டர் சென்றபின், அத்தரை நெடியதொரு மலைத்தொடராக உயர்கிறது. அத்தொடரின் சிகரங்களே நீருக்கு மேல் அந்தமான் தீவுகளாகவும் நிக்கோபார் தீவுகளாகவும் தலைகாட்டுகின்றன. முதலாம் இராசேந்திர சோழனின் மெய்க்கீர்த்தியில் நக்கவாரம் என்று குறிக்கப்படுவது இந்நிக்கோபாரே ஆகும்.

இக்கடலில் மேற்பரப்பு நீரின் வெப்பநிலை பெரும்பாலும் 28 முதல் 30 டிகிரி சென்டிகிரேடு வரை இருக்கும். வெப்பமானியை ஆழத்தில் இறக்கினால் வெப்பநிலை விரைந்து குறையும். 3,000 மீட்டருக்குக் கீழே அஃது 1 டிகிரிக்கும் 2 டிகிரிக்கும் இடைப்பட்டதாக இருக்கும். ஆண்டு முழுவதும் வெயில் காயும் நம் கடலின் அடியில் பனிக்கட்டியை ஒத்த இக்குளிர் எவ்வாறு வந்தது? அது நம் நாட்டில் தோன்றிய குளிர் அன்று. அண்டார்க்டிகாக் கண்டத்தை ஒட்டிய தென்கடலிலிருந்து வந்த குளிராகும். அங்கே கடல்நீர் உறையும்போது, அதிலுள்ள உப்பின் பெரும்பகுதி பனிக்கட்டியில் சேராது எஞ்சிய நீரில் தங்கிவிடுகிறது. குளிர்ச்சியும் உப்பும் மிகுந்த அந்நீர் எடை கூடி, கடலின் அடித்தரைக்கு இறங்குகிறது. பின்னர்ப் பள்ளம் நோக்கிப் பாயும் ஆற்றைப்போல் அது கடலடியில் தவழ்ந்து வடக்கே செல்கிறது.

இந்துமாக் கடலில் அந்நீரின் வழியை ஆராய்ந்தோர் ஓர் அரிய செய்தியைக் கண்டனர். கிழக்கு நெட்டாங்கு 90 டிகிரியை ஒட்டித் தெற்கு வடக்காக ஏறத்தாழ 5,000 கிலோமீட்டர் நீளமுள்ள மலைத்தொடர் ஒன்று கடலடியில் நிற்கிறது. தொண்ணூறு கிழக்குத் தொடர் என்பது அதன் பெயர். அதன் கிழக்கே வந்து நிறையும் குளிர்நீர், தென் அகலாங்கு 10 டிகிரிக்கும் 5 டிகிரிக்கும் அருகிலுள்ள கணவாய்களின் வழியே மேற்கே வழிந்து விழுகிறது. அணையின் தாழ்ந்த பகுதியைக் கடந்து வெள்ளம் மறுபுறம் இறங்குவது போன்றது இது. அந்நீரின் ஒரு பகுதி படிப்படியே வங்கக் கடலை வந்தடைகிறது.

இங்கேதான் சிக்கல் எழுகிறது. வங்கக் கடலின் வடபுறம் நிலத்தால் அடைபட்டுள்ளது. அடியில் புகுந்த குளிர்நீர் அப்பால் செல்ல வழி இல்லை. புதிய நீர் தொடர்ந்து வருவதால் பழைய நீர் எங்கேனும் இடம்பெயர்ந்தாக வேண்டும். மேலே ஏறுதலே அதற்குரிய வழி. ஆனால் எடை மிகுந்த நீர் எடை குறைந்த நீருக்கு மேல் தானாக ஏறுமோ? ஏறாது. ஏற வேண்டுமாயின் முதலில் அதன் எடை குறைய வேண்டும்; அதாவது, மேலுள்ள வெப்பநீரோடு அது கலந்து சிறிது வெதுவெதுப்பாதல் வேண்டும்.

கலத்தலின் அருமையை வீட்டிலேயே காணலாம். ஒரு குவளைப் பாலில் சர்க்கரையை இட்டு அசைக்காமல் வைத்துவிட்டால், அடியில் இனிப்பும் மேலே சப்பும் நெடுநேரம் நீடிக்கும். கரண்டியால் இரண்டு சுற்றுச் சுற்றினால் குவளை முழுவதும் இனிக்கும். கடலையும் எவரேனும் கலக்கியாக வேண்டும். கலக்குவார் இன்றேல், தென்கடலின் குளிர்நீர் காலப்போக்கில் அடியிலிருந்து கடலை நிறைத்துவிடும். வெப்பநீர் மேலே ஒரு மெல்லிய ஆடையாக மட்டும் எஞ்சும். ஆழ்நீரின் ஓட்டமும் நின்றுபோகும். இன்றுள்ள கடல் அவ்வாறு இல்லை. மேலிருந்து கீழ்வரை வெப்பநிலை படிப்படியாகவே மாறுகிறது. ஆகவே கலக்கும் கை ஒன்று இருத்தல் வேண்டும்.

அக்கலக்கலின் அளவை, வால்டர் மங்க் என்னும் அமெரிக்கக் கடலியல் அறிஞர் 1966-ஆம் ஆண்டில் கணக்கிட்டார். பசிபிக் மாகடலின் ஆழ்நீர் நாளொன்றுக்கு ஏறத்தாழ 1 சென்டிமீட்டர் வீதம் ஏறுதல் வேண்டும் என்று அவர் கூறினார். ஒரு நாளைக்கு ஒரு விரலகலம்கூட இல்லையே என்று இதனை எளிதாக எண்ணலாகாது. 4,000 மீட்டர் என்பது 4 இலட்சம் சென்டிமீட்டர். எனவே அடித்தரையிலிருந்து மேலே வர 4 இலட்சம் நாள்கள், அதாவது ஏறத்தாழ 1,100 ஆண்டுகள் ஆகும். வேகம் சிறிதே, ஆயினும் அது உலகக் கடல்கள் அனைத்திலும் நிகழ்வதால், ஏறும் நீரின் அளவு மிகப் பெரிது. தென்கடலில் வீசும் கடுங்காற்று ஆழ்நீரின் ஒரு பகுதியை மேலே இழுக்கிறது என்பது பின்னர்த் தெளிவாயிற்று. எனினும் மிக ஆழத்திலுள்ள நீர் ஏறுவதற்குக் கலக்கலே இன்றியமையாதது.

கணக்கு இவ்வாறிருக்க, கடலில் அளந்து பார்த்தவர்கள் வியப்புற்றனர். 1992-ஆம் ஆண்டில் வட அட்லாண்டிக் மாகடலில், ஏறத்தாழ 300 மீட்டர் ஆழத்தில், கடல்நீரோடு வினைபுரியாத ஒரு வாயுவைச் சிறிதளவு கரைத்துவிட்டு, அது மேலும் கீழும் எவ்வளவு பரவுகிறது என்று பல மாதங்கள் தொடர்ந்து அளந்தனர். மங்க் கூறிய அளவில் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு கலக்கலே அங்குத் தென்பட்டது. ஏனைய ஒன்பது பங்கு எங்கே நிகழ்கிறது?

1996-ஆம் ஆண்டில் பிரேசில் நாட்டிற்குக் கிழக்கே, தென் அட்லாண்டிக்கில் அதே முறையில் மற்றோர் ஆய்வு நிகழ்ந்தது. இம்முறை வாயுவை விட்ட ஆழம் ஏறத்தாழ 4,000 மீட்டர். அப்பகுதியின் மேற்கே கடலடி வழவழப்பான சமவெளி. கிழக்கே கரடுமுரடான மலைச்சரிவு. சமவெளியின் மேல் நீர் மிகச் சிறிதே கலந்திருந்தது. மலைச்சரிவின் மேலோ, அதனினும் பத்து மடங்குக்கு மேற்பட்ட கலக்கல் நிகழ்ந்திருந்தது. அடித்தரையை நெருங்க நெருங்க அது மேலும் மிகுந்தது. தேடிய கை அகப்பட்டுவிட்டது! கரடுமுரடான கடலடியே ஆழ்நீரைக் கலக்கும் இடம் என்பது தெளிவாயிற்று.

காவிரி நாட்டு மாணவர்க்கு இஃது எளிதில் விளங்கும். ஒழுங்காக வெட்டப்பட்ட வாய்க்காலில் நீர் ஓசையின்றி வழுக்கிச் செல்லும். அதில் விழுந்த இலை நேரே மிதந்து போகும். அதே நீர் மதகைக் கடந்து கற்களின்மேல் விழும்போது சுழலும், நுரைக்கும், அடிமண்ணை மேலே கிளப்பும். நீர் ஒன்றே, வேறுபடுத்தியது தரை.

ஆயினும் ஆழ்கடலில் ஓடும் நீர் காவிரிபோல் விரைந்து ஓடுவதில்லை. அங்கே நீரை மலைகளின்மேல் தள்ளுவது எது? பெரும்பகுதி ஓதமே. நாள்தோறும் இருமுறை கடல் பெருகி வற்றுவதை நாகப்பட்டினத்தார் நன்கு அறிவர். நிலவும் கதிரவனும் ஈர்ப்பதால் உண்டாகும் இவ்வோதம் மேற்பரப்பை மட்டும் அசைப்பதன்று. கடலின் அடிவரையுள்ள நீர் முழுவதையும் இங்குமங்கும் இழுக்கிறது. சமதளத்தின்மேல் அந்நீர் தடையின்றிச் சென்று மீளும். மலை குறுக்கிட்டால் அது சரிவில் ஏறி இறங்கியே ஆக வேண்டும். அவ்வாறு ஏறுகையில், அடியிலுள்ள எடை மிகுந்த நீரும் தன் நிலையினின்று உயர்த்தப்படுகிறது. உயர்ந்த நீர் மீண்டும் தாழ்கிறது. தாழ்ந்தது மீண்டும் உயர்கிறது. இவ்வாறு கடலின் உள்ளேயே அலைகள் தோன்றுகின்றன. இவற்றை உள்ளலைகள் என்பர்.

உள்ளலையை வகுப்பறையிலும் காணலாம். ஒரு கண்ணாடிச் சீசாவில் பாதி நீரும் பாதி நல்லெண்ணெயும் ஊற்றி, மூடி, படுக்க வைத்து மெல்லச் சாய்த்துப் பாருங்கள். இரண்டிற்கும் இடையிலுள்ள எல்லையில் பெரிய அலை ஒன்று மெதுவாகச் செல்லும். கடலில் எண்ணெய் இல்லை. ஆயினும் வெப்பநீரும் குளிர்நீரும் அடுக்கடுக்காக இருப்பதால் அதே விளைவு உண்டாகிறது. கரையை அடைந்த அலை உடைந்து நுரைப்பதுபோல, இவ்வுள்ளலைகளும் ஒரு நிலையில் உடைகின்றன. உடையும் இடத்தில் மேல்நீரும் கீழ்நீரும் கலக்கின்றன.

உலகில் உள்ளலைகள் மிக வலிமையுடன் எழும் இடங்களுள் ஒன்று நம் வங்கக் கடலின் கீழெல்லையாகிய அந்தமான் நிக்கோபார் மலைத்தொடரே ஆகும். அமைதியான கடலில் திடீரென நுரைத்த நீர்ப்பட்டைகள் நெடுந்தூரம் வரிசையாக வருவதை 19-ஆம் நூற்றாண்டு மாலுமிகளே கண்டு குறித்துள்ளனர். 1975-ஆம் ஆண்டில் அப்பல்லோ–சோயுஸ் விண்வெளிப் பயணத்தின்போது எடுக்கப்பட்ட நிழற்படங்களில் அவை நீண்ட கோடுகளாகத் தெரிந்தன. அக்கோடுகளுக்குக் கீழே செல்லும் உள்ளலைகளின் உயரம் 60 மீட்டரையும் எட்டுவதுண்டு. அது தஞ்சைப் பெரிய கோவிலின் விமானத்தை ஒத்த உயரம். அத்தகைய அலை கீழே செல்கையில், மேலே மிதக்கும் படகு பெரிதும் உயர்வதோ தாழ்வதோ இல்லை. அம்மலைத்தொடரில் பிறக்கும் உள்ளலைகள் கிழக்கே அந்தமான் கடலிலும் மேற்கே வங்கக் கடலிலும் பரவுகின்றன.

இம்மலைத்தொடரின் இருபுறத்தையும் ஒப்பிட்டால் மற்றொரு வியப்பும் புலப்படும். மேற்கே வங்கக் கடலின் ஆழ்நீர் 1 அல்லது 2 டிகிரி வெப்பநிலை உடையது எனக் கண்டோம். கிழக்கே அந்தமான் கடலில், அதே ஆழத்தில் வெப்பநிலை ஏறத்தாழ 5 டிகிரியாக உள்ளது. மலைத்தொடர் ஒரு மதில்போல் நின்று மிகக் குளிர்ந்த அடிநீரை உள்ளே விடாது தடுக்கிறது. தீவுகளுக்கு இடையேயுள்ள வாயில்களுள் மிக ஆழமானதும் ஏறத்தாழ 1,800 மீட்டரே ஆழமுடையது. அவ்வாயில்களைத் தாண்டி உள்ளே வரும் நீர் அங்கே நன்கு கலக்கப்படுகிறது. அதனால் ஏறத்தாழ 2,000 மீட்டர் முதல் அடித்தரை வரை அந்தமான் கடலின் வெப்பநிலை மிகச் சிறிதே வேறுபடுகிறது.

இனி, நுட்பமான ஒரு செய்தியைக் கவனித்தல் வேண்டும். மலையருகே நீர் கலந்துவிட்டால் மட்டும் அது மேலே ஏறிவிடுமோ? கலக்கல் அடித்தரைக்கு அருகே மிகுதி. மேலே செல்லச் செல்லக் குறைவு. தரையிலிருந்து சற்று உயரத்திலுள்ள ஒரு நீரடுக்கை எண்ணிப் பாருங்கள். அதன் கீழே கலக்கல் வலிது, மேலே மெலிது. ஆகவே அது மேலிருந்து பெறும் வெப்பத்தைவிடக் கீழிருந்து பெறும் குளிரே மிகுதி. அதனால் எடை கூடி அவ்வடுக்கு கீழே இறங்கும்! தரையைத் தொட்டுக்கொண்டிருக்கும் நீரின் நிலை வேறு. அதற்குக் கீழே பாறையே உள்ளது. குளிரைக் கொடுக்க நீர் இல்லை. மேலிருந்து வரும் வெப்பத்தை மட்டும் அது பெறுகிறது. அதனால் எடை குறைந்து, மலைச்சரிவைப் பற்றிக்கொண்டு மேலே ஏறுகிறது. நடுக்கடலில் நீர் சிறிது இறங்க, சரிவை ஒட்டிய மெல்லிய அடுக்கில் அதனினும் மிகுதியான நீர் ஏறுகிறது. இரண்டையும் கழித்துப் பார்க்க எஞ்சுவதே மங்க் கணக்கிட்ட ஏற்றம். ஆதலால் ஆழ்நீர் ஏறுவதற்குக் கலக்கல் மட்டும் போதாது. ஏறிச் செல்லச் சரிவும் வேண்டும். மலை இவ்விரண்டையும் ஒருங்கே தருகிறது.

இக்கருத்து நெடுநாள் ஏட்டளவிலேயே இருந்தது. 2021-ஆம் ஆண்டில் அயர்லாந்துக்கு மேற்கே ராக்கால் என்னும் கடற்பள்ளத்தின் சரிவில், 2 கிலோமீட்டருக்கு மேற்பட்ட ஆழத்தில், தரையை ஒட்டி ஒளிரும் சாயத்தைக் கரைத்துவிட்டு அதன் போக்கைத் தொடர்ந்தனர். சாயம் சரிவின் வழியே நாளொன்றுக்கு 100 மீட்டர் என்னும் அளவில் ஏறிற்று. 1 சென்டிமீட்டர் என்னும் சராசரியோடு ஒப்பிட, அது 10,000 மடங்கு. இம்முடிவு 2024-ஆம் ஆண்டில் வெளியிடப்பட்டது. உலகக் கடல் முழுவதும் மெல்ல ஏறுவதாக நாம் கொண்டிருந்த நீர், உண்மையில் சில மலைச்சரிவுகளின் வழியே விரைந்து ஏறுகிறது என்பதற்கு அது கண்கூடான சான்றாயிற்று.

மந்தர மலையை மத்தாக நாட்டிப் பாற்கடலைக் கடைந்த கதையை நாம் அறிவோம். அக்கதையில் மலை சுழன்றது; கடல் கடையப்பட்டது. இங்கோ மலை அசையாது நிற்கிறது. கடல் அதன்மேல் உராய்ந்து தன்னைத் தானே கடைந்துகொள்கிறது. கயிற்றை இழுப்பது பெரும்பாலும் நிலவு. ஆழ்கடலில் ஓதத்தின் ஆற்றல் ஏறத்தாழ ஓர் இலட்சம் கோடி வாட் என்னும் வீதத்தில் செலவாகிறது என்று செயற்கைக்கோள் அளவைகளின் துணையால் 2000-ஆம் ஆண்டில் கணக்கிட்டுள்ளனர்.

வங்கக் கடலின் நடுத்தரை பெரிதும் சமதளமாயிருப்பது ஏன் என்பதும் அறியத்தக்கது. கங்கையும் பிரமபுத்திராவும் இமயத்திலிருந்து அடித்துவரும் வண்டல், கடலடியில் ஏறத்தாழ 3,000 கிலோமீட்டர் நீளத்திற்குப் பரவிப் படிந்துள்ளது. உலகிலேயே மிகப் பெரிய கடலடி வண்டல்விரிவு இதுவே. தொண்ணூறு கிழக்குத் தொடரின் வடபகுதியும் இவ்வண்டலில் புதைந்து கிடக்கிறது. காவிரியின் வண்டல் தஞ்சைத் தரணியைச் சமன்செய்ததுபோல், இமயத்தின் வண்டல் கடலடியைப் பரம்படித்த வயலாக்கியிருக்கிறது. தெற்கிலும் கிழக்கிலும் புதையாது நிற்கும் மலைகளும், கண்டத்தின் விளிம்பிலுள்ள சரிவுகளுமே இங்கு ஆழ்நீர் ஏறுவதற்குத் துணைசெய்யத்தக்கவை.

இவற்றையெல்லாம் அறிவதால் பயன் என்ன என்று கேட்கலாம். மேற்கடலில் இறக்கும் உயிர்களின் எச்சங்கள் ஆழத்தில் விழுந்து மட்குகின்றன. அதனால் பயிருக்கு உரமாவது போன்ற சத்துகள் ஆழ்நீரில் மிகுந்துள்ளன. அந்நீர் மேலே வரும்போதுதான் நுண்பாசிகள் செழிக்கும். அவற்றை உண்டு மீனினம் பெருகும். வங்கக் கடலிலோ, ஆறுகள் கொட்டும் நன்னீர் எடை குறைந்த மூடிபோல் மேலே பரவிக் கிடப்பதால் கலக்கல் எளிதன்று. சில நூறு மீட்டர் ஆழத்திலேயே பிராணவாயு மிகக் குறைந்திருப்பதற்கு அதுவும் ஒரு காரணம். மேலும், மனிதர் எரிக்கும் நிலக்கரியாலும் எண்ணெயாலும் பூமியில் மிகும் வெப்பத்தின் பெரும்பகுதியைக் கடலே ஏற்கிறது. கரியமிலவாயுவிலும் ஒரு பங்கை ஏற்கிறது. அவை ஆழத்தில் எத்தனை காலம் தங்கும் என்பது ஆழ்நீர் ஏறும் விரைவைப் பொறுத்தது. கடலின் வெப்பம் மாறினால் புயலும் பருவமழையும் மாறும். ஐப்பசி மழையை நம்பி நாற்று விடும் உழவரும், அதே மாதத்தில் வானத்தைப் பார்த்துப் படகிறக்கும் மீனவரும் இக்கணக்கினின்று விலகி நிற்பவர் அல்லர்.

கடலடியை அறியாதிருத்தல் எத்துணைக் கொடிது என்பதை நாகப்பட்டினம் ஒரு காலைப்பொழுதில் அறிந்தது. 2004-ஆம் ஆண்டு டிசம்பர் 26-ஆம் நாள், சுமத்திராவிலிருந்து அந்தமான் வரை கடலடித் தரை பிளந்து பெயர்ந்ததால் எழுந்த ஆழிப்பேரலை, இம்மாவட்டத்தில் மட்டும் 6,000-க்கும் மேற்பட்ட உயிர்களைக் கொண்டது. அந்தமான் நிக்கோபார் மலைத்தொடரை எழுப்பியதும், அன்று தரையைப் பிளந்ததும், பூமியின் இரு பெருந்தட்டுகள் மோதும் ஒரே நிகழ்ச்சியே. நாள்தோறும் ஆழ்நீரைக் கலக்கி உதவும் மலையும், நூற்றாண்டுகளுக்கு ஒருமுறை ஊறு செய்யும் தரையும் ஒன்றே என உணர்தல் வேண்டும். இன்று ஐதராபாத்திலுள்ள இந்தியக் கடல்சார் தகவல் சேவை மையம், ஆழிப்பேரலை குறித்து முன்னறிவிக்கும் பணியை ஆற்றி வருகிறது.

ஆழ்கடலை அறியும் முயற்சி நம் நாட்டில் ஊன்றியது, 1960-களில் நடந்த அனைத்துலக இந்துமாக் கடல் ஆய்வின் பயனாக ஆகும். அதன் தொடர்ச்சியாக 1966-இல் தேசியக் கடலியல் நிறுவனம் தோன்றியது. பின்னர் அது கோவாவில் நிலைபெற்றது. 1993-இல் சென்னையில் தேசியக் கடல் தொழில்நுட்பக் கழகம் நிறுவப்பட்டது. தாமே மூழ்கி எழுந்து, கடலின் வெப்பநிலையையும் உப்பின் அளவையும் செயற்கைக்கோள் வழியே அறிவிக்கும் மிதவைகள் இன்று உலகக் கடல்களெங்கும் உலவுகின்றன. அவற்றுள் பெரும்பாலானவை 2,000 மீட்டருக்குக் கீழே செல்வதில்லை. அதற்கும் கீழே, மலைச்சரிவுகளை ஒட்டி நீர் ஏறும் வழிகளில், அளக்கப்படாத இடங்களே மிகுதி. அவற்றை அளக்கப்போவோர் இன்று பள்ளியில் பயில்வோரே ஆவர்.

சற்றேறக்குறைய 1,000 ஆண்டுகளுக்கு முன், 1025-ஆம் ஆண்டளவில், இராசேந்திரனின் கப்பற்படை கடாரம் நோக்கிச் சென்றது. அக்காலத்தில் தென்கடலின் பனியருகே ஆழ்ந்த நீரில் ஒரு பங்கு, இருளில் தவழ்ந்து, கணவாய்களைக் கடந்து, இன்று ஏதேனுமொரு கடலடிச் சரிவில் மெல்ல ஏறிக்கொண்டிருக்கலாம். நாகப்பட்டினத்துக் கரையில் நின்று அசைவற்ற நீலப் பரப்பைக் காணும்போது, அதன் அடியில் ஓயாது நிகழும் இந்நெடும்பயணத்தையும் நாம் நினைத்தல் தகும்.